மூன்றாவது லைன்

காட்டுமன்னார்கோயில் ரைஸ் மில்லில் அந்த வருஷம் மோட்டார் காயில் இரண்டு தடவை எரிந்துவிட்டது. மில்லை ஓட்டும் பொன்னுரங்கம் அவசரத்தில் நெல்லை அள்ளிக் கொட்டுவதுதான் காரணம் என்று முதலாளி கார்த்திகேசன் ஊர் பூராவும் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை எரிந்தால் வேலை இல்லை. அறுபத்தெட்டு வயதில் வேறு எவன் கூப்பிடப் போகிறான்?

கடலூரிலிருந்து பிரிசில்லா என்கிற இன்ஜினியர் பெண் ஒரு பெட்டியும் லேப்டாப்பும் தூக்கிக்கொண்டு வந்தாள். மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அந்தப் பெட்டி பார்த்து எழுதிவைக்குமாம். தன்னை வேலையைவிட்டு அனுப்பச் சாட்சி தேடுகிறார்கள் என்றுதான் பொன்னுரங்கத்துக்குப் பட்டது.

"லைன ஆஃப் பண்ணுங்கய்யா."

மெயினை இறக்கினார். லைனுக்கு ஒன்றாக இருந்த மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கிச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டார். இருபது வருஷப் பழக்கம். பெல்ட் மாற்றும்போது எவனோ மெயினைத் தூக்கிவிட, கூட வேலை பார்த்த அய்யனாருக்கு நாலு விரல் போனது. அன்றிலிருந்து தூசு தட்டுவதென்றாலும் கட்டைகள் பைக்குள் வந்துவிடும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை.

அப்படியும் அவள் கையுறை மாட்டி, டெஸ்டர் வைத்து மூன்று லைனையும் பார்த்தாள்.

"கட்ட எங்கிட்டதான் இருக்குது. எம்மேல நம்பிக்க இல்லியா?"

"யார் மேலயும் இல்லய்யா."

அவளை அவருக்குக் கொஞ்சம் பிடித்தது.

கம்பியை அவள் வெட்டவில்லை. ஒவ்வொரு லைனையும் சுற்றி ஒரு வளையத்தை மாட்டி, அதன் ஒயரைப் பெட்டியில் சொருகினாள்.

"கம்பிய தொடாம எப்படிம்மா தெரியும்? கத வுடாத."

"கரண்ட் ஓடுனா வளையத்துக்குத் தெரியும். லைன் பொட்டிக்குள்ள வராது, அதான் பத்திரம். ஆனா மோட்டார் ஓடறப்ப இந்த ஒயர மட்டும் புடுங்கிடாதீங்க, புடுங்குன முனையில வோல்டேஜ் ஏறி அடிச்சுடும்."

கட்டைகளைப் போட்டு, தொட்டியில் நெல்லே இல்லாமல் மோட்டாரை ஓடவிட்டார். லேப்டாப்பில் மூன்று கோடுகள் ஓடின. ஒன்பது ஆம்பியர், ஒன்பது, நாலு.

கார்த்திகேசன் எட்டிப் பார்த்தார். "எவ்ளோ ஜாஸ்தி இழுக்குது?"

"மூணும் ஒண்ணா இருக்கணும் சார். மூணாவது லைன் சரியா வரல. அது இழுக்க வேண்டியதயும் சேத்து மத்த ரெண்டும் இழுக்குது. காயில் எரியறது அதனாலதான். எங்கியோ லூசா இருக்கு."

பொன்னுரங்கம் மெயினை இறக்கி, மூன்றாவது கட்டையை உருவினார். கை வைத்ததுமே வந்துவிட்டது. அதன் பித்தளை நாக்கு கருகியிருந்தது. அது உட்காரும் பிடி, பல் போன வாய் மாதிரி அகன்று கிடந்தது. யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பைக்குள் போட்டுக்கொண்டு பேசாமல் இருக்கலாம். ஆனால் மறைத்துவைத்துக்கொண்டு திரிய உடம்பில் தெம்பில்லை. கட்டையைக் கொண்டுவந்து முதலாளி முன்னால் வைத்தார்.

"இதான் மொதலாளி. புடுங்கிப் புடுங்கி நாந்தான் தேச்சுட்டேன்."

"ஆக ஒன் தப்புதான்."

"ஆமா. ஆனா நெல்ல கொட்டுனதால இல்ல. அத ஊர்ல சொல்லிடுங்க, நான் கௌம்பறேன்."

"போர்ட மாத்துங்க சார்," என்றாள் பிரிசில்லா. "பூட்டு போடற மெயினா வைங்க. ஆஃப் பண்ணிப் பூட்டிட்டா கட்டய புடுங்க வேணாம்."

கார்த்திகேசன் கருகிய கட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "சாவி யார்ட்ட இருக்கும்?"

"உள்ள கைய வைக்கிறவங்ககிட்ட."

"அப்ப இந்தாளுகிட்டதான்," என்று முனகினார். "எங்க கௌம்புற? ஒக்காருய்யா."

பொன்னுரங்கம் சாக்குமூட்டை மேல் உட்கார்ந்தார். முழங்கால் வலித்தது.

"சாவி எத்தன வரும்மா?" என்று பிரிசில்லாவிடம் கேட்டார்.

"ரெண்டு."

"ரெண்டயும் எங்கிட்டயே குடுத்துடு."