கையெழுத்து மட்டும் அவருடையது

புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் மைனஸ் எண்பது. மூன்றாம் மாடி மூலையில், மைனஸ் எண்பது டிகிரியில் உறுமிக்கொண்டு நிற்கும் ஃப்ரீசருக்குப் பக்கத்தில் அவள் மேஜை. பெயரில்தான் குளிர்ச்சி. அம்மணிக்குக் கோபம் வந்தால் பக்கத்து அறைக்காரர்கள் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அவளுடைய தலைவருக்குப் பெயர் ஏர்போர்ட். உலகத்தில் எந்த மூலையில் மாநாடு நடந்தாலும் மனிதர் ஆஜர். எப்போது போன் செய்தாலும் பின்னணியில் விமானம் கிளம்பும் அறிவிப்பு கேட்கும். ஆறு வருஷத்தில் அந்த ஃப்ரீசர் பக்கம் அவர் வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் காலில் சுளுக்கு, ஐஸ் கிடைக்குமா என்று கேட்டு வந்தார்.

இந்த வருஷம் அவளுக்கு வாழ்வா சாவா. 'இளம் ஆய்வாளர் நிதி' என்று ஒன்று உண்டு. கிடைத்தால் ஐந்து வருஷச் சம்பளம், சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம். ஆனால் டாக்டர் பட்டம் வாங்கி ஏழு வருஷத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் இளமை போய்விட்டதாம். அவளுக்கு ஆறு வருஷம் பத்து மாதம் ஆகியிருந்தது. முதல் தடவை விண்ணப்பித்தபோது, பேராசை அதிகம் என்று திருப்பி அனுப்பினார்கள். அடங்கி ஒடுங்கி எழுதினாள். அடுத்த தடவை, ஆசையே போதவில்லை என்றார்கள். நாசமாய்ப் போக!

இந்தத் தடவையும் இல்லையென்றால் வேலை போய்விடும். வேலை போனால்கூடப் பரவாயில்லை, ஃப்ரீசரில் அவளுடைய பதினாலு பெட்டிகள் இருக்கின்றன. எலும்புப் புற்று வந்த பிள்ளைகளின் செல்கள். முதலில் மருந்துக்கு அடங்கி, எட்டே மாதத்தில் திமிறிக்கொண்டு எழுந்தவை. ஏன் எழுந்தன என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஆள் போய்விட்டால் முப்பது நாளில் பெட்டிகளை அழித்துவிட வேண்டும் என்பது நிறுவன விதி. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேர் இப்போது இல்லை. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட அம்மாக்களிடம், இடமில்லை, கொட்டிவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வது?

அதனால் விண்ணப்பத்துக்கு என்ன கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். 'தலைமைப் பண்புப் பயிற்சி'க்குக்கூடப் போனாள். இரண்டு நாள், உறிஞ்சு குழல்களை வைத்துக் கோபுரம் கட்டச் சொன்னார்கள். அவள் கட்டியது சரிந்து பயிற்சியாளரின் டீயில் விழுந்தது. அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

பாக்கி இருந்தது தலைவரின் பரிந்துரைக் கடிதம். போன் போட்டாள்.

"அதுக்கென்னம்மா, நீயே எழுதி அனுப்பு, கையெழுத்துப் போட்டுடறேன்," என்றார் ஏர்போர்ட். "நல்லா தாராளமா எழுது. வெக்கப்படாதே. போர்டிங் கூப்பிடறாங்க, வெச்சிடறேன்."

அன்று ராத்திரி வீட்டில் தன்னைத்தானே புகழ்ந்து எழுத உட்கார்ந்தவளுக்கு ஒரு வரிக்கு மேல் ஓடவில்லை. 'இவர் நேரத்துக்கு வருவார்' என்று எழுதியிருந்ததை எட்டிப் பார்த்த அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அக்கா அடுக்குமாடி வீடு விற்கிறவள்.

"என்னடி இது, வாட்ச்மேன் வேலைக்கா போறே? தள்ளு. ஃப்ரீசர் கம்ப்ரசர் செத்துப்போச்சுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை கிடந்து அல்லாடினியே, அதை எழுது."

எழுதினாள். லிப்டும் ஓடாத அன்றைக்குக் காலையிலிருந்து மாலை வரை, ஃப்ரீசரில் இருந்த அத்தனை பெட்டிகளையும் உலர்பனியில் வைத்து, மூன்று மாடி இறங்கி, அடுத்த கட்டடத்துக்குச் சுமந்த கதை. 'முப்பது வருஷத்தில் என்னிடம் வந்தவர்களில் இவரே முதல்வர்' என்பது அக்காவின் கைங்கரியம்.

"அந்த மனுஷனுக்கும் கொஞ்சம் ஐஸ் வை," என்றாள் அக்கா. "'என் இடைவிடாத வழிகாட்டுதலில்'னு ஒண்ணு போடு. சமையலறையே இல்லாத வீட்டை நான் வித்திருக்கேன். இது என்ன பிரமாதம்?"

கையெழுத்து நாலே நிமிஷத்தில் வந்தது. படித்திருந்தால் நாலு நிமிஷம் போதாது.

அடுத்த வாரம், தலைவரோடு ஒட்டிக்கொண்டே திரியும் சக ஆய்வாளன் கோந்து வந்து இளித்தான். "மேடம், நானும் அந்த நிதிக்குப் போடறேன். லெட்டரை என்னையும் நீயே எழுதிக்கோன்னுட்டார். மாதிரிக்கு உங்களதைக் குடுங்களேன்?" போகட்டும் பாவம் என்று கொடுத்தாள். படுபாவி, பெயரை மட்டும் மாற்றினான்.

நேர்காணல் அன்று கோந்துதான் முதலில் போனான். சிரித்த முகமாக வெளியே வந்தான். அடுத்து இவள். மேஜைக்குப் பின்னால் ஐந்து பேர். நடுவில் அறுவை சிகிச்சை நிபுணரான அம்மாள், கையில் இரண்டு கடிதங்கள்.

"ரெண்டும் வரிக்கு வரி ஒண்ணா இருக்கு," என்றார் அந்த அம்மாள். "ரெண்டு பேருமே முதல் ஆள். ரெண்டு பேரும் ஒரே ஞாயித்துக்கிழமை ஒரே ஃப்ரீசரைக் காப்பாத்தியிருக்கீங்க. அவர் இப்பதான் அந்தக் கதையை உருக்கமா சொல்லிட்டுப் போறார். இதுல யார் யாரைப் பார்த்து எழுதினது?"

சார்தான் எழுதினார், அவரையே கேளுங்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர் ஆகாயத்தில் இருப்பார், கேட்க முடியாது. ஆனால் அப்படிச் சொன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் பாதி கோந்துக்குப் போய்விடும். பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காத கோந்துக்கு!

"நான் எழுதினதைப் பார்த்து அவர் எழுதினது மேடம்," என்றாள்.

"நீங்க எழுதினதா? அப்போ உங்க தலைவர்?"

"கையெழுத்து மட்டும் அவருது."

ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இன்னொருவர் தண்ணீர் குடித்தார். மூன்றாமவர் கூரையில் எதையோ தேடினார். அவரவர் ஊரில் அவரவர் எழுதிக்கொண்ட கடிதம் அவரவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். அந்த அம்மாள் மட்டும் கண்ணை எடுக்கவில்லை.

"சரி, நீங்களே சொல்லுங்க. இதுல எது பொய்?"

"ஒரே ஒரு வரி. 'என் இடைவிடாத வழிகாட்டுதலில்'."

தண்ணீர் குடித்தவருக்குப் புரையேறியது. அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஃப்ரீசர்?"

"எந்தப் பெட்டி எந்தத் தட்டுல இருக்குன்னு கேளுங்க மேடம், கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றேன். அவரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

கோந்தைக் கூப்பிடவில்லை. பத்து நிமிஷ நேர்காணல் ஐம்பது நிமிஷம் நடந்தது. எல்லாம் அந்தப் பதினாலு பெட்டிகளைப் பற்றி.

மூன்று வாரம் கழித்து நிதி கிடைத்த செய்தி வந்தது. அவள் ஃப்ரீசர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நன்றாக அழுதாள். பெட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். அழுகை ஓய்வதற்குள் ஏர்போர்ட்டிடமிருந்து தகவல்: "நம்ம உழைப்பு வீண்போகல! நிறுவன இதழுக்கு என் பேர்ல ஒரு வாழ்த்துச் செய்தி எழுதி அனுப்பு, கையெழுத்துப் போடறேன்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை அக்கா தேவைப்படவில்லை. 'இந்த ஆராய்ச்சியில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆறு வருஷமும் நான் விமான நிலையத்தில் இருந்தேன். வாழ்த்துகள்' என்று எழுதி அனுப்பினாள்.

நாலாவது நிமிஷம் கையெழுத்தோடு திரும்பி வந்தது. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: "பிரமாதம்! என் மனசுல இருக்கறதை உன்னை மாதிரி யாராலயும் எழுத முடியாதும்மா."

அந்த மாத இதழில் ஒரு எழுத்து மாறாமல் அச்சாகி வந்தது.