கடைசி வாக்கியத்துக்கு ஓர் அம்பு

...இல்லை, இதைச் சரியாகப் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடும், இதுதான் கடைசி வாக்கியம், எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேரும் என்று கணினிக்குக் காட்ட அரூரில் நான் ஓர் அம்பு போடுவேன், ருமேனியாவில் யோவானா ஓர் அம்பு போடுவாள், ஒருத்தி போட்டது மற்றவளுக்குத் தெரியாது, இரண்டும் ஒத்துப்போனால் வாக்கியம் பச்சையாகிப் போய்விடும், ஒத்துப்போகாவிட்டால்தான் குறிப்புப் பெட்டி திறக்கும்... ஐந்து வருடமாக எங்களுக்குள் பேச்சென்றால் அந்தப் பெட்டி மட்டும்தான், அதுவும் வெறும் இலக்கணப் பேச்சு. "கோகிலா, அந்த அம்பு வுடுற வேல இன்னியோட முடியுதாமே?" என்று சமையலறையிலிருந்து அம்மா கேட்கிறாள், "ஆமாம்மா, ஒன்னே ஒன்னுதான் பாக்கி" என்கிறேன். திரையில், ருமேனிய மொழியில், 'அவள் வருவாள் என்று நினைத்தேன்'. நினைத்தேனிலிருந்து வருவாளுக்கு அம்பு போக வேண்டும், சின்னப்பிள்ளை வேலை. ஆனால் நம் 'என்று' போல அவர்களுக்கு ஒரு 'க' உண்டு, முன்னாலேயே வந்து நிற்கும், ருமேனியாவின் யாஷ் நகரத்தில் படித்த முதல் வருடம் முழுக்க அந்தக் 'க'வுக்கே அம்பு போட்டுக்கொண்டிருந்தேன், "விருந்தாளியை வெளியே நிறுத்திவிட்டுக் கதவுக்கு சூப் ஊற்றுகிறாயே" என்று யோவானா விழுந்து விழுந்து சிரிப்பாள், ஒரே அறை, ஒரே பாத்திரத்தில் அந்தப் புளிப்பு சூப், ஜன்னலைத் திறந்தால் லிண்டன் பூ வாசனை... அங்கேயே இருந்திருக்கலாம், இரண்டு பேரும் ஆராய்ச்சிக்குச் சேர்வதாகத்தானே இருந்தது?

அப்பா விழுந்துவிட்டார் என்று போன் வந்ததும் பெட்டியைக் கட்டினேன், நூலகம் போன யோவானா திரும்புவதற்குள் கிளம்பிவிட்டேன், அவள் முகத்தைப் பார்த்தால் போக மாட்டேன் என்ற பயம், ஒரு சீட்டாவது எழுதி வைத்திருக்கக் கூடாதா... இன்றுவரை அவள் ஏன் என்று கேட்கவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவள் நம்பர் இருக்கிறது, தைரியம்தான் இல்லை. சரி, வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறேன், அம்பை அந்தக் 'க'வுக்கே இழுக்கிறேன், யோவானா விடவே மாட்டாள், பெட்டி திறக்கும், மன்னித்துவிடு என்று ஒரே ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அழுத்திவிட்டேன்.

பச்சை. பெட்டி திறக்கவில்லை. 'ஒத்துப்போகிறது, நன்றி, பணி நிறைவு' என்கிறது திரை, எப்படி ஒத்துப்போகும்... அப்படியானால் அவளும் அங்கேயேதான் போட்டிருக்கிறாள், ஐந்து வருடத்தில் ஒரு தடவைகூடத் தவறாதவள், இந்த ஒரு வாக்கியத்தில், எனக்கு முன்பே... கை தவறியா, இல்லை, அவளும் என்னிடம் எதையோ சொல்லத்தானா?