மூன்றாம் மாடியிலிருந்து வந்த ஊசி

எங்கள் துறைமுக நகரமான காலியாரியில் கட்டடத்துக்குக் கட்டடம் ஊசி போடுகிற ஒரு பெண் இருப்பார். டாக்டர் சீட்டு எழுதுவார். மருந்துக்கடையில் குப்பியை வாங்கிக்கொண்டு நேராக மாடியேறி அந்தக் கதவைத் தட்டுவோம். எங்கள் கட்டடத்தில் அது மூன்றாம் மாடி போனாரியா அத்தை. உறவில்லை, கூப்பிடுவதுதான் அப்படி. ஓய்வு பெற்ற நர்ஸ், கணவரை இழந்தவர். பங்குப் பாதிரியார் முதல் வரி அதிகாரி வரை எங்கள் தெருவின் பின்புறங்கள் அத்தனையும் அவருக்கு அத்துப்படி.

என் அப்பா அந்தியோகோவினுடையதைத் தவிர.

அப்பா மீன் மார்க்கெட்டில் விலாங்கு விற்பவர். அம்மா போய் வெகுகாலமாகிறது. கொஞ்ச நாளாகக் கடையின் நல்ல மீனெல்லாம் எங்கள் அடுப்புக்கு வராமல் மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. மே மாதம் சாந்தெஃபீசியோ திருவிழாவில், புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, அத்தையிடம் கல்யாணம் கேட்பதாகத் திட்டம். அப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. கோட்டு தைத்தவர் சொன்னார்.

திருவிழாவுக்கு முன்பு அப்பாவுக்கு நிமோனியா வந்தது. டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, தினம் ஒரு செஃப்ட்ரையாக்ஸோன் ஊசி, ஒரு வாரத்துக்கு, இடுப்புக்குக் கீழே என்று எழுதினார்.

"கையில போடக் கூடாதா?" என்றார் அப்பா.

"இவ்வளவு மருந்துக்கு உங்க கையில சதை பத்தாது. பின்னாடி இருக்கு."

டாக்டர் போனதும் அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"எனக்கு இந்த ஊசி வேண்டாம், கிரேகா. இந்த மருந்தோட பூஞ்சையை எங்கேர்ந்து எடுத்தாங்க? நம்ம சு சிக்கு கரையில, சாக்கடை கடல்ல விழற இடத்துல. சின்ன வயசுல தினம் அங்கதான் குதிச்சேன். எவ்வளவு தண்ணி குடிச்சிருப்பேன். அதெல்லாம் ரத்தத்துலயே இருக்கு."

"அப்பா, அந்தத் தண்ணியில இருந்தது பூஞ்சை மட்டும் இல்ல. மத்ததும் ரத்தத்துல இருக்குன்னு வெளியில சொல்லிடாதீங்க."

நான் மாடிக்குப் போய் அத்தையை அழைத்துவந்தேன். அவர் குப்பியிலிருந்த பொடியில் திரவத்தைச் செலுத்திக் குலுக்கிக் கரைத்தார்.

"இதுல மரத்துப்போற மருந்து கலந்திருக்கு. சதையிலதான் போடணும், ரத்தக் குழாயில போனா ஆபத்து. அதான் குத்தினதும் பின்னாடி இழுத்து ரத்தம் வருதான்னு பாப்பேன். பயப்படாதீங்க, அந்தியோகோ. மரத்துப்போற மருந்து, பென்சிலின், இந்த மாதிரி எதுவும் உங்களுக்கு ஒத்துக்காம போயிருக்கா?"

அப்பாவின் கண்ணில் ஒளி வந்தது.

"பென்சிலின். பயங்கரமா."

"என்ன ஆச்சு?"

"உதடு வீங்கிச்சு." அது போதாதென்று நினைத்திருக்க வேண்டும். "தொண்டை அடைச்சுது. மூச்சு நின்னுபோச்சு."

அத்தை ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது.

"இது பென்சிலினுக்கு தூரத்துச் சொந்தம். முக்காவாசிப் பேருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா மூச்சு நின்னவருக்கு நான் வீட்டுல வச்சு போட மாட்டேன். ஆம்புலன்ஸைக் கூப்பிடு, கிரேகா. ஆஸ்பத்திரியில வேற மருந்து பாப்பாங்க. இனிமே இவர் எங்க போனாலும் இதைச் சொல்லணும். அப்படிச் சொல்லிட்டா, நாளைக்கே உயிர் ஊசலாடுறப்ப, நல்ல மருந்து பக்கத்துல இருந்தும் ஒருத்தனும் தர மாட்டான். ஒரு தடவை பொழச்சதே பெருசு. எனக்கு இன்னொரு சாவைப் பாக்கத் தெம்பில்ல."

நான் போனை எடுத்தேன்.

"வை அதை," என்றார் அப்பா. "எனக்கு ஒண்ணும் ஆனதில்ல."

இருமி முடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

"போன குளிர்காலத்துல பல்லு வீங்கினப்ப பென்சிலின் மாத்திரைதான் சாப்பிட்டேன். நல்லா இருந்தேன். பொய் சொன்னேன்."

"எதுக்கு?"

"உங்களுக்கு முன்னாடி கால்சட்டையை இறக்கணுமே. அதுவும் இந்த மாசம். மே மாசத்துக்கு அப்புறம்னா..." சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அத்தை அவரை நம்பவில்லை. "இப்ப சொல்றது பொய்யா, அப்ப சொன்னது பொய்யா? எனக்கெப்படித் தெரியும்?" என்று டாக்டருக்கே போன் செய்தார். பல்லுக்கு எழுதியது அந்த மாத்திரைதான், எந்தத் தொல்லையும் வரவில்லை, மரத்துப்போகும் ஊசி போட்டுத்தான் பல்லையும் பிடுங்கினார்கள் என்று டாக்டர் உறுதி செய்த பிறகே கையை மறுபடி கழுவினார்.

"பாதிரியாரோடதைப் பாத்த பிறகும் நான் பூசைக்குப் போறேன். திரும்பிப் படுங்க."

நான் வெளியே போய்விட்டேன். கதவிடுக்கில் ஒரு முனகல் கேட்டது. அப்புறம் அத்தையின் குரல்: "அவ்வளவுதான். இதுக்கா ஆம்புலன்ஸ் வரைக்கும் போனோம்?"

ஒவ்வொரு ஊசிக்குப் பிறகும் அத்தை அரைமணி நேரம் பக்கத்தில் உட்காருவார். தடிப்பு வருகிறதா, மூச்சு இறுக்குகிறதா என்று பார்க்க. பார்த்தது போக மிச்ச நேரத்தில் சீட்டு ஆடினார்கள். இடையில் காய்ச்சல் இறங்கியதும், இனி ஊசி வேண்டாம் என்பார் அப்பா என்று எதிர்பார்த்தேன். எந்த மருந்தையும் அப்பா முடித்ததாகச் சரித்திரம் இல்லை. இந்தத் தடவை அத்தை வரும் நேரத்துக்குச் சவரம் செய்துகொண்டு காத்திருந்தார்.

கடைசி ஊசிக்குக் குப்புறப் படுத்தபடியே, "இன்னும் ஒரு வாரம் போட்டா என்ன?" என்றார்.

"தேவையில்லாம போட்டா கிருமி இதுக்குப் பழகிடும். அப்புறம் நிஜமா வேணுங்கிறப்ப வேலை செய்யாது."

"அப்ப நான் இப்பவே கேட்டுடறேன். போனாரியா, என்னைக் கட்டிக்குவீங்களா?"

"மொதல்ல கால்சட்டையைப் போடுங்க. மூஞ்சியைப் பாத்துக் கேளுங்க."

பெல்ட்டின் கொக்கி கிணுங்கியது. அப்பா மறுபடி கேட்டார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் காதை ஒட்டிவைத்தேன்.

"அரைமணி உக்காருங்க," என்றார் அத்தை. "ஒண்ணும் ஆகலைன்னா சொல்றேன்."

நான் காப்பி போடப் போனேன். கோப்பைகளோடு திரும்பியபோது, அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒண்ணும் ஆகல. இப்பவும் ஒண்ணும் ஆகல," என்று சொல்லிக்கொண்டிருந்தார். அத்தை கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அவருடைய கை அப்பாவின் நாடியில் இருந்தது. நாடி பார்க்க அவ்வளவு நேரம் ஆகாது.