கம்முனு கிடந்த பிளாக்கு

என் பெண் மகிழினி கணக்கில் பதினேழு வாங்கியது எங்கள் பிளாக்கில் எல்லாருக்கும் தெரியும். அதற்கு நான்தான் காரணம். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மெஷின் சத்தத்தை மீறிப் பேசிப் பேசியே என் தொண்டை அப்படி ஆகிவிட்டது. மெதுவாகத் திட்டலாம் என்று ஆரம்பித்தாலும் தெருமுனை டீக்கடை வரைக்கும் போய்விடும்.

அன்றைக்கு மெதுவாகத் திட்டும் எண்ணமும் எனக்கு இல்லை. பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். திருப்புதல் தேர்வில் கணக்கில் முப்பத்தைந்து எடுக்காவிட்டால் டி.சி. வாங்கிக்கொண்டு தனித்தேர்வராகப் பத்தாவது எழுதிக்கொள்ள வேண்டுமாம். அவர்களுக்கு நூறு சதவீதத் தேர்ச்சி வேண்டும், அதற்கு என் பெண் இடைஞ்சல். டி.சி. வாங்கிய பெண்கள் அப்புறம் எங்கே போய் உட்காருவார்கள் என்று எனக்குத் தெரியாதா? கம்பெனியில் எனக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி.

"மெஷின்ல வந்து குந்திக்கிறியாடி? இப்பவே சொல்லு, சூப்பர்வைசராண்ட பேசிடறேன்!" என்று வராண்டாவில் நின்று கத்தினேன். இரண்டாம் மாடி உமைமா, இவளுடைய தோஸ்து, ஒரே வகுப்பு, எட்டிப் பார்த்தாள். அவளையும் விடவில்லை. "ரெண்டு பேரும் படிக்கட்டுல குந்திகினு கதை பேசனதுதான் இப்டி வந்து நிக்குது. இனிமே இவ வூட்ல தனியா படிப்பா, நீ உன் வூட்ல படி."

கீழ்வீட்டுக் கன்னியம்மா மூச்சிரைக்க மாடியேறி வந்தாள். "புள்ளய ஏன் வரலட்சுமி வையிற? இங்க கீற சத்தத்துல அது எங்கேர்ந்து படிக்கும்? உடு, பரீட்சை முடியற வரிக்கும் நாங்கோ கம்முனு இருக்கோம்."

திருவொற்றியூரில் எங்கள் குடியிருப்பைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு பெரிய வாக்கு என்று புரியும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வாசலிலேயே நின்று ஹாரன் அடிக்கும். கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கிற இன்னாசி அண்ணன் சாயங்காலமானால் டிரம்பெட்டை எடுத்துவிடுவார். கேரம் போர்டு, குழாயடி, டிவி எல்லாம் தனி.

அத்தனையும் நின்றது. இன்னாசி அண்ணன் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனார். போகிற வழியில் லாரிக்காரர்களிடம், "மேல ஒரு கொயந்த படிக்குது நைனா, ஹாரன் அடிக்காத," என்று கெஞ்சிவிட்டுப் போனார். கன்னியம்மா சத்தத்தை அணைத்துவிட்டு சீரியலை வெறும் படமாகப் பார்த்தாள். குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்துக்காகக் கிசுகிசுத்துச் சண்டை போட்டதை நானே என் கண்ணால் பார்த்தேன். இந்த மனிதர்களுக்கு நான் என்ன கைம்மாறு செய்யப்போகிறேன் என்று நெஞ்சு நிறைந்துபோனது.

அடுத்து வகுப்பில் வைத்த தேர்வில் மகிழினி பதினொன்று வாங்கினாள்.

கை ஓங்கிவிட்டேன். அவள் ஒதுங்கக்கூட இல்லை, உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள். அதுவும் சத்தமே வராமல் அழுதாள். பிளாக்கே அவளுக்காக வாயை மூடிக்கொண்டிருக்கும்போது அவள் எப்படிச் சத்தமாக அழுவாள்?

"எம்மா, சாவு வூட்ல கூட மோளம் அடிக்கிறாங்கோ. இவ்ளோ கம்முனு இருந்தா எனக்கு பயமா கீதும்மா. கன்னியம்மா அத்த ஊமைப் படம் பாத்துகினு கீது. அது என்னாலதானேன்னு நெனச்சா ஒரு கணக்கும் வர மாட்டுது."

"தெரியலன்னா வாயத் தொறந்து கேக்கறதுக்கு இன்னா?"

"எப்டிம்மா கேக்கறது? மைனஸ்ஸையும் மைனஸ்ஸையும் பெருக்குனா இன்னா வரும்னு கூட எனக்குத் தெர்ல. அது ஏழாங்கிளாஸ் கணக்கு. படிக்கட்டுல குந்தி உமைமாவாண்ட அதத்தான் கேட்டுகினு இருந்தேன். அங்க சத்தமா இருக்கும், யாருக்கும் கேக்காது. இப்ப வாயத் தொறந்தா மூணு மாடிக்கும் கேக்கும்."

ஓங்கிய கை தானாக இறங்கி அவள் தலையில் உட்கார்ந்தது. கதை பேசுகிறார்கள் என்று நான் பிரித்துவிட்டது அவளுக்கு இருந்த ஒரே பாடத்தை. அவளுடைய வெட்கத்துக்கு அந்தச் சத்தம்தான் கதவாக இருந்தது. ஊரே சேர்ந்து அன்பாக அந்தக் கதவைக் கழற்றி வைத்துவிட்டோம்.

வராண்டாவுக்குப் போனேன். கம்பெனி கொடுத்த தொண்டை அன்றைக்குத்தான் உருப்படியாக உதவியது.

"யக்கா! டிவியப் போடு! இன்னாசி அண்ணே, பீச்சுக்குப் போவாத, இங்கயே ஊது! உமைமா, கண்ணு, மேல வாம்மா!"

எல்லாரும் எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தார்கள். ஆனாலும் கன்னியம்மாவுக்கு இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. டிரம்பெட் முழங்க, லாரி ஹாரன் அலற, படிக்கட்டில் இரண்டு தலைகள் ஒட்டி உட்கார்ந்தன. ஒருத்தி காதில் ஒருத்தி கத்திக்கொண்டாள். என்ன கத்தினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை, கேட்கவும் நான் முயலவில்லை.

திருப்புதல் தேர்வு விடைத்தாள் கொடுத்த அன்று, யாரும் சொல்லாமலே பிளாக் மறுபடி அடங்கிவிட்டது. வாசலுக்கு வாசல் ஆள் நின்றார்கள். மகிழினி படியேறி வரும் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. முதல் மாடியில் அந்தச் சத்தம் நின்றது.

"இன்னாத்துக்கு எல்லாரும் கம்முனு நிக்கிறீங்கோ?" என்று கீழேயிருந்து என் பெண் கத்தினாள். என் தொண்டையேதான், சந்தேகமில்லை. "நாப்பத்தொண்ணு! டிவியப் போடு அத்த!"

கன்னியம்மா போட்டாள். இன்னாசி அண்ணன் கல்யாணத்துக்கு வாசிப்பதை வாசித்தார், லாரிக்காரன் யாரோ அவனும் சேர்ந்து ஹாரன் அடித்தான். நான் கதவோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.