ஆஸ்பத்திரிக்குப் போன பந்தயப் பானம்

அருளம்பலம் பதினேழு வருடமாக மோட்டார் சைக்கிள் ஓடுகிறவர். அந்தப் பதினேழு வருடத்தில் ஒருநாள்கூட நாலாவது கியரைக் கண்டதில்லை. திருகோணமலை டவுனில் மூன்றாவதற்கு வருவதற்குள் ஒரு ஆமிச் சென்றி வந்துவிடும். இறங்கி, தள்ளி, அடையாள அட்டையைக் காட்டி, மறுபடி முதலாவதிலிருந்து தொடங்க வேண்டும். யுத்தநிறுத்தம் வந்து இரண்டு வருடமாகியும் சென்றிகள் நின்ற இடத்திலேயே நின்றன. இப்படி ஊர்ந்து திரிந்த மனிதனுக்குத்தான் கார்ப் பந்தயத்தில் அப்படியொரு பைத்தியம்.

அந்தப் பைத்தியத்துக்கு ஊரில் ஒரேயொரு கூட்டாளி இருந்தான். கிண்ணியா ஸெய்னுதீன், மீன் லொறி ஓடுகிறவன். கொழும்புக்கு மீன் இறக்கிவிட்டு வரும்போது நடைபாதைக் கடையில் பழைய கார்ப் பந்தயப் புத்தகங்களை அள்ளி வருவான். ஐஸும் மீனும் மணக்கும் அந்தப் புத்தகங்களை இருவரும் கடை மேசையில் விரித்துவைத்து, காணாத ஊர்களின் காணாத வளைவுகளைப் பற்றிச் சண்டை பிடிப்பார்கள்.

அருளம்பலத்தின் பலசரக்குக் கடை துறைமுகப் பக்கமிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இருந்தது. அங்கேதான் வந்து சேர்ந்தது அந்த ‘வெலோரா’. சக்திப் பானமாம். கொரியாவில் இராவேலைக்காரர் நித்திரை வராமலிருக்கக் குடித்த மருந்துத் தண்ணீர். அதற்கு ஒரு ஒல்லாந்துக்காரன் வாயு ஏற்றிப் பெயர் வைத்தான். மலேசியாவில் தகரப் பேணியில் அடைத்தார்கள். துபாயில் கப்பல் மாறிக் கொழும்புக்கு வந்தது. நாலு நாட்டுப் பிள்ளை. எந்த நாட்டுக்காரனும் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் பேணியின் முகப்பில் ஒரு சிவப்புப் பந்தயக் கார் பாய்ந்துகொண்டிருந்தது. அருளம்பலத்துக்கு அது போதும். ஏஜென்ஸியை எடுத்துவிட்டார்.

கம்பெனி மனேச்சர் ஒரு ஆசையையும் காட்டியிருந்தார். பங்குனிக்கு முன் ஐம்பது பெட்டி விற்கிற ஏஜென்டுக்கு மலேசியாவில் நடக்கும் ஃபோர்முலா வன் பந்தயம் பார்க்க விமான டிக்கெட். அருளம்பலம் அடுத்த கிழமையே பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டார்.

“நான் வராட்டியும் பரவாயில்ல மச்சான்” என்றான் ஸெய்னுதீன். “அந்த எஞ்சின் சத்தத்தக் கசெற்றில புடிச்சிட்டு வா. லொறில போட்டுக் கேப்பன்.”

பேணியில் தமிழ் ஒரு எழுத்தும் இல்லை. ஆகவே அச்சகத்தில் ‘உடலுக்குச் சக்தியும் பலமும் தரும்’ என்று லேபல் அடித்து, கீழே கடைப் பெயரையும் போட்டார். எங்கே ஒட்டுவது? முன்பக்கம் ஒட்டினால் கார் மறையும். பின்பக்கம் எறும்புபோல ஆங்கில எழுத்துகள் இருந்தன. கண்ணாடி போட்டு வாசித்துப் பார்த்தார். இருதய வருத்தக்காரர், பிள்ளைத்தாச்சிகள், சிறுபிள்ளைகள் குடிக்கக் கூடாது என்றிருந்தது. இவர்கள் ஏன் பந்தயப் பானம் குடிக்கப் போகிறார்கள்? அதன் மேலேயே ஒட்டினார்.

இளந்தாரிகள் வாங்கிக் குவிப்பார்கள் என்று நினைத்தார். ஒருவனும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து பிளேன்ரீயின் விலை, குடித்தால் இருமல் பாணி மாதிரி இருக்கு என்றார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அருளம்பலம் பல்லைக் கடித்தார். மைதானத்தில் விளம்பரத்துக்கென்று கம்பெனி ஒரு ஃபைபர் பந்தயக் காரை லொறியில் ஏற்றி அனுப்பியது. அதைச் சென்றியில் மறித்து, எஞ்சினைத் திறந்து காட்டச் சொன்னார்கள். எஞ்சின் இல்லை. எஞ்சின் இல்லாத கார் எதற்கு என்று சிப்பாய் கேட்டான். நியாயமான கேள்வி. கம்பெனிக்காரர் விளக்கம் சொல்லி முடிய மைதானத்தில் காத்து நின்ற சனம் வீட்டுக்குப் போய்விட்டது.

பிறகுதான் கூத்து நடந்தது. இந்த ஊரில் நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போக முடியாது. மோல்ட் மாவோ, குளுக்கோஸோ, ஏதோ பலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருநாள் கடையில் மோல்ட் முடிந்துபோக, வந்த மனுசி கடைத் தட்டில் இருந்த பேணியின் லேபலை வாசித்தாள். ‘சக்தியும் பலமும்’. இரண்டு வாங்கிப் போனாள். அடுத்த நாள் அவளுடைய சம்பந்தி நாலு வாங்கினாள். பத்து நாளில் பெரியாஸ்பத்திரியில் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலும் சிவப்புக் கார் பாய்ந்துகொண்டிருந்தது.

அருளம்பலத்துக்குப் பொறுக்கவில்லை. பந்தயக்காரன் குடிக்கிற சாமானைப் பேதிக்காரனுக்கு வாங்குகிறார்களே! “அம்மா, இது வருத்தக்காரருக்கு இல்லை” என்று முதலில் இரண்டொருவருக்குச் சொல்லித்தான் பார்த்தார். “பிறகேன் பலம் எண்டு போட்டிருக்கிறியள்?” என்று கேட்டார்கள். பெட்டிகள் பறந்தன. சொல்வதை விட்டார். ஒருவரும் குடிக்கிறதில்லை, மேசையில் அழகுக்கு வைக்கிறார்கள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அதில் பாதி உண்மையும் இருந்தது. அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பெட்டி விற்றுவிட்டார்.

“இன்னும் பத்துப் பெட்டிதான்” என்று மனேச்சர் போனில் சிரித்தார். “பாஸ்போட் நம்பரைச் சொல்லுங்கோ.” அருளம்பலம் மனப்பாடமாகச் சொன்னார்.

அந்தக் கிழமைதான் ஸெய்னுதீனுக்கு நெஞ்சடைப்பு வந்து பெரியாஸ்பத்திரியில் கிடத்தினார்கள். கிண்ணியாவிலிருந்து சனம் படகேறி வந்தது. வந்தவர்கள் வழியில் அருளம்பலத்தின் கடையில் நின்று, “ஸெய்னுதீனப் பாக்கப் போறம்” என்று சொல்லிப் பேணி வாங்கினார்கள். அவர் கையாலேயே கடதாசியில் சுற்றிக் கொடுத்தார். அழகுக்குத்தானே. கடையை விட்டு நகர முடியாத வியாபாரம். கூட்டாளியைப் பார்க்க அவர் போனது ஐந்தாம் நாள்தான்; அன்றைக்குக் கணக்கு நாற்பத்தேழு பெட்டி.

ஸெய்னுதீன் கண்ணை மூடிக் கிடந்தான். நெற்றியில் வியர்வை. மனைவி பரீதா ஒரு சின்னக் கரண்டியால் அவன் வாயில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தாள். மடியில் சிவப்புக் கார்.

“நெஞ்சுப் படபடப்பு அடங்குதில்ல அண்ணன்” என்றாள். “மருந்து கேக்கக் காணம், ஏனெண்டு வெளங்குதில்ல எண்டு டொக்டர் சொல்றார். நான் இத விடாமக் குடுக்கிறன். காலையில ஒண்டு, பின்னேரம் ஒண்டு. நேர்ஸ் மிஸ்ஸிமார் கண்டா ஏசுவாங்க, அவங்க அங்கால போற நேரம் பாத்துத்தான்.”

“விசரே உனக்கு? ஆர் குடுக்கச் சொன்னது?”

“நீங்கதான்.” அவள் பேணியைத் திருப்பிக் காட்டினாள். “பலம் தரும் எண்டு தமிழ்ல போட்டிரிக்கே. ஒங்கட கடைப் பேரும் இரிக்கி.”

அருளம்பலம் கரண்டியைப் பறித்தார். சட்டென்று ஒரு பொய் வந்தது. “இது திகதி முடிஞ்ச சாமான், தங்கச்சி. குடுக்காத.”

“அப்ப புதுசு அனுப்புங்க. காசு தாறன்.”

“புதுசும் குடுக்க ஏலாது.”

“ஏன்?”

இந்தப் பெண் ஏன் இப்படிக் கேள்வி கேட்கிறாள் என்று எரிச்சல் வந்தது. எரிச்சலோடேயே நகத்தால் லேபலைச் சுரண்டினார். கீழே இருந்த எழுத்துகளைத் தமிழில் சொன்னார். பரீதா எழுந்து நின்றாள்.

“கம்பெனிக்காரன் இத லேபல ஒட்டி மூடிட்டானா?”

“இல்லை. ஒட்டினது நான்.”

“வாசிக்காம ஒட்டிட்டீங்களா?”

ஓம் என்று சொன்னால் முடிந்துவிடும். அவளே வழியைத் திறந்துவிட்டு நிற்கிறாள். அருளம்பலம் வாயைத் திறந்தார்.

“வாசிச்சனான்” என்றார்.

அவள் அவர் கையிலிருந்த பேணியைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். “டொக்டரிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றாள்.

டொக்டர் கேட்டு, எழுதி, மருந்தை மாற்றினார். “இனி ஒரு சொட்டும் உள்ளுக்குப் போகக் கூடாது. இண்டைய இரவு கடந்தால் தப்பினார்” என்றார். பிறகு, “எவ்வளவு வித்தனீங்கள்?” என்று கேட்டார்.

“நாப்பத்தேழு பெட்டி.”

டொக்டர் பேனையை மூடினார். “இப்ப பார்வையாளர் நேரம்தான். எல்லாரும் இருப்பினம். போய்ச் சொல்லுங்கோ.”

அருளம்பலம் ஒரு சாக்கை வாங்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போனார். சனம் நம்பினால்தானே! இடுப்பு முறிந்து கிடந்த கிளிவெட்டிக் கனகம்மா பேணியைத் தலையணைக்குள் தள்ளினாள். “விலை ஏறிப்போச்சாக்கும், திருப்பி வாங்க வந்திட்டான்” என்று பக்கத்துக் கட்டிலுக்குச் சொன்னாள். மருமகன் கொண்டுவந்ததைத் தர ஏலாது என்றார் ஒருவர். பேணிக்குப் பதிலாக ஒரு மோல்ட் பைக்கற் தருகிறேன் என்று அருளம்பலம் கத்தினார். உடனே மற்ற வார்ட்டுகளிலிருந்தும் சனம் பேணிகளோடு ஓடி வந்தது. அப்போதும் அவர் சொன்னதை ஒருவரும் காதில் போடவில்லை. ஒவ்வொருவருக்கும் லேபலைச் சுரண்டி, “நான்தான் மறைச்சனான்” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது. கடைசியில் ஒரு கிழவர்தான் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பேணியைச் சாக்குக்குள் எறிந்தார்.

திரும்பி வந்தபோது ஸெய்னுதீன் கண் விழித்திருந்தான். பரீதா சொல்லியிருக்க வேண்டும். மேசையில் மிச்சமிருந்த பேணிகளை அருளம்பலம் ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். ஸெய்னுதீன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மலேசியாக்கு இன்னும் எத்தினப் பெட்டி?” மெல்லத்தான் கேட்டான்.

“மூண்டு. நான் போகேல்ல மச்சான். கம்பெனிக்குச் சொல்லப்போறன்.”

“அது இரிக்கட்டும்.” அவன் மூச்சு வாங்கினான். “அந்த நாப்பத்தேழுல என்ட மேசையில இருந்ததையும் சேத்தா எண்ணின?”

வெளியே மணி அடித்தது. சனம் எழும்பிப் பாயையும் கூடையையும் எடுத்துக்கொண்டிருந்தது.

“ஓம்” என்றார் அருளம்பலம். “எண்ணினனான்.”

ஸெய்னுதீன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். பரீதா சாக்கின் வாயைக் கட்டி, தூக்கிக்கொண்டு போய் வார்ட் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். அருளம்பலத்தை இருக்கச் சொல்லவில்லை.