நீலக் கவுனுக்குக் கிடைத்த பதவி உயர்வு

பழைய துணிக்கடைக் குவியலிலிருந்து அந்த நீலக் கவுனை இழுத்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. வெள்ளைக் காலர், முன்னால் இரண்டு பெரிய பைகள், ஒரு கிழிசல் கிடையாது. என் மற்ற உடைகளிலெல்லாம் அச்சக மை அப்பியிருந்ததால், அன்றாடம் போட இது போதும் என்று வாங்கிவிட்டேன். இவ்வளவு நல்லதை யாரோ ஏன் கழித்தார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

மறுநாளே தெரிந்தது. சூப்பர் மார்க்கெட்டில் சோப்பு எடுக்கக் குனிந்தேன்.

"ஏம்மா, உப்பு எங்க இருக்கு?" என்றார் பின்னால் நின்றவர்.

"நான் இங்க வேலை பார்க்கலைங்க."

"அப்ப எங்க பார்க்கறீங்க?"

எங்கேயும் இல்லை. நான் வேலை பார்த்த அச்சகத்தை மூடி ஆறு மாதம் ஆகிறது. உப்பு வாங்க வந்தவரிடம் அதைச் சொல்லி அழவா முடியும்? மூன்றாவது வரிசை என்று கை காட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் அக்காவிடம் புலம்பினேன். அவளுக்கு ஒரு துணியைப் பார்த்துவிட்டால் கை சும்மா இருக்காது.

"ஆள் பாதி ஆடை பாதிம்பாங்க. நீ முழுக்க யூனிஃபார்மா இருக்கடி. இடுப்புல பெல்ட் போட்டா சரியாயிடும்" என்று தன் சிவப்பு பெல்ட்டை மாட்டிவிட்டாள்.

பெல்ட்டோடு பேங்குக்குப் போனேன். இரண்டு பேர் படிவத்தை நீட்டினார்கள். நிரப்பிக் கொடுத்தேன். அக்கா தலையில் அடித்துக்கொண்டு கழுத்தில் பூப்போட்ட ஸ்கார்ஃப் கட்டினாள். அன்றைக்கு பஸ் ஏன் லேட் என்று ஓர் அம்மா என்னிடம் சண்டைக்கு வந்தார். கடைசியாக நெஞ்சில் ஒரு கிளி புரூச்சைக் குத்தினாள். தபால் நிலையத்தில் ஒரு பெரியவர் கண்ணைச் சுருக்கி அந்தக் கிளியைப் படித்துப் பார்த்துவிட்டு, "மேனேஜர் நீங்கதானா?" என்றார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை ஊருக்கெல்லாம் தெரியும். அந்தக் குரங்குக்குப் பதவி உயர்வு கிடைத்தது எங்கள் வீட்டில்தான்.

இந்தக் கோலத்தில்தான் கண் ஆஸ்பத்திரியில் வரவேற்பாளர் வேலைக்கு இன்டர்வியூ போனேன். மொத்தம் ஏழு பேர். உட்காரக்கூட இல்லை, கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்ட ஒருவர் என் ஸ்கார்ஃபைப் பிடித்துக்கொண்டு, "டாய்லெட் எங்கம்மா?" என்றார். கூட்டிப்போய் விட்டேன். திரும்பி வருவதற்குள் டோக்கன் எங்கே என்று ஒருவர், மருந்துக் கடை எங்கே என்று இன்னொருவர்.

அப்போது டாக்டரம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்தார். "இந்தாங்க லிஸ்ட். இன்டர்வியூக்கு வந்தவங்களை ஒவ்வொருத்தரா அனுப்புங்க."

நானும் வந்தவள்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க மேடம்" என்று வந்தது. பழக்க தோஷம்.

முதல் ஆளை அனுப்பிவிட்டுப் பார்த்தால், என் பெயர் இரண்டாவதாக இருந்தது. என்னை நானே கூப்பிட்டு நானே எழுந்து உள்ளே போனால் பைத்தியம் என்பார்கள். அதைத் தாண்டி மூன்றாமவரை அனுப்பினேன். பிறகு நான்காமவர், ஐந்தாமவர். நடுவில் நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து வரிசையாக உட்கார வைத்தேன், ஒரு பாட்டியின் கண்ணாடியைத் தேடிக் கொடுத்தேன், அழுத குழந்தையிடம் கிளியைக் காட்டினேன். இந்த வேலையும் போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்தக் கவுனைப் போடும்வரை ஆறு மாதமாக என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கடைசி ஆளும் போன பிறகு டாக்டரம்மா எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது பேர் வரவே இல்லையே?"

"வந்திருக்காங்க மேடம்."

"எங்க?"

இத்தனை நாளில் எனக்கு நன்றாகப் பதில் தெரிந்த 'எங்க' இது ஒன்றுதான். "இங்க" என்றேன், கிளியைத் தொட்டு.

அவர் என் பெல்ட்டைப் பார்த்தார், ஸ்கார்ஃபைப் பார்த்தார், வரிசையாக டோக்கனோடு உட்கார்ந்திருந்த கூட்டத்தைப் பார்த்தார். "நீங்க இங்க வேலை பார்க்கலையா?"

"இன்னும் இல்லைங்க."

சிரித்துவிட்டார். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துடுங்க. யூனிஃபார்ம் நாங்களே தருவோம்."

"வேண்டாங்க, என்கிட்டயே இருக்கு" என்றேன்.