எட்டு சென்டிமீட்டர்

அணியில் எல்லோருக்கும் அவள் நெட்டை. பதினோரு வருடமாகக் கூடைப்பந்து ஆடுகிறவள். முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியபோது, பழைய குதிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

போட்டிக்கான பட்டியலில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதற்கு அவளும் குட்டியும். குட்டி அவளைவிட ஏழு வயது இளையவள். மற்ற சோதனைகளில் இருவரும் சமம் என்பதால் குதிப்புதான் முடிவு செய்யும் என்றார் பயிற்சியாளர்.

சோதனை எளிது. விரலில் சுண்ணாம்புத் தூள் தடவி, சுவரோரம் நின்றபடி கையை உயர்த்தி ஒரு குறி. எம்பிக் குதித்து இன்னொரு குறி. இடையே உள்ள தூரம்தான் கணக்கு. குட்டி நாற்பத்தொன்பது சென்டிமீட்டர் குதித்தாள்.

நெட்டை நின்று குறி வைக்கும்போது தோளைச் சற்றே தாழ்த்தினாள்; முதல் குறி அந்த அளவுக்குக் கீழே விழுந்தது. பயிற்சியாளர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். குட்டியும்தான்.

மறுவாரம் தசை வலிமையை அளந்தார்கள். இயந்திரத்தின் கட்டையை நெட்டை பல்லைக் கடித்துக்கொண்டு காலால் தள்ளினாள். பயிற்சியாளர் திரையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"தொடையில இன்னும் பலமே வரல. இத வச்சுக்கிட்டா அவ்வளவு குதிச்ச? பெரிய ஆளும்மா நீ! எல்லாரும் வாங்க, இவ எப்படிக் குதிக்கிறான்னு பாத்துக் கத்துக்கங்க."

சீருடையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்த குட்டியும் கூட்டத்தில் நின்றாள்.

நெட்டை விரலில் தூளைத் தடவிக்கொண்டாள். சுவரருகே போனாள். இந்த முறை தோளை முழுதாக நீட்டிக் குறி வைத்தாள். உயிரைக் கொடுத்துக் குதித்தாள். நாற்பத்து நான்கு.

"இன்னைக்குக் கால் அசதியா இருக்கும்," என்றார் பயிற்சியாளர்.

"இல்ல சார். அன்னைக்கு நான் தோளத் தாழ்த்தி ஏமாத்தினேன். அந்த இடம் குட்டிக்கு வர வேண்டியது."

பயிற்சியாளர் அவளைத் திட்டக்கூட இல்லை. பட்டியலை எடுத்து ஒரு பெயரை அடித்து இன்னொன்றை எழுதினார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

உடைமாற்றும் அறையில் குட்டியிடம் போய் நின்றாள். "மன்னிச்சிடு."

குட்டி காலணியின் கயிற்றைக் கட்டியபடியே சொன்னாள்: "அன்னைக்கே பாத்தேன்க்கா, நீங்க தோளத் தாழ்த்தினத."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எப்படிக்கா சொல்றது? அத்தன பேர் முன்னாடி உங்கள எப்படிச் சொல்றது?"

அன்று தெரிந்தே கைதட்டியிருக்கிறாள், தெரிந்தே சீருடையை மடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். தன் மானத்தை இத்தனை நாள் காப்பாற்றியது இந்தப் பெண்தான் என்று உறைத்ததும் நெட்டை கூனிக் குறுகிப் போனாள். எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு வெட்கமாக இல்லை.

குட்டி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "வரேன்க்கா" என்றாள். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க நெட்டையால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.